எழுதப்போறேன்னு யார்கிட்ட சொல்றது? – வாசகர் கேள்வி, ஆச்சி பதில்

மார்கழி பொறந்தாலே இந்தப் பகுதிக்கு வர்ற கடுதாசியும் மெசேஜும் ஒரே பக்கமா சாயும், இந்த வருஷமும் அப்படித்தான், பாதிக்கு மேல "அடுத்த வருஷம் எழுதணும் ஆச்சி, எவ்வளவு எழுதுறது, எப்படி ஆரம்பிக்கிறது, வெளிய சொல்லலாமா கூடாதா"ன்னுதான் கேட்டிருக்கீங்க. கதையோ கவிதையோ குடும்ப வரலாறோ, நம்ம காரைக்குடிப் பக்கம் இத்தனை பேரு எழுதணும்னு நெனைக்கிறீங்கங்கிறதே எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால சமையல், கோயில், வீட்டு ரிப்பேர் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க. பேரு போடவேணாம்னு நெறையப் பேரு கேட்டதால ஊரு மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: ஆச்சி, போன ஜனவரி 1-ஆம் தேதி "இந்த வருஷம் என் முதல் நாவலை முடிப்பேன்"னு ஸ்டேட்டஸ் போட்டேன். ஏகப்பட்ட ஹார்ட்டு, "வாழ்த்துகள் எழுத்தாளரே"ன்னு கமெண்ட்டு. மூணாவது அத்தியாயத்தோட நின்னுபோச்சு. இப்ப பாக்குறவனெல்லாம் "நாவல் என்னாச்சு"ங்கிறான். இந்த வருஷம் சொல்லவா, சொல்லாமலே இருந்துரவா?
– கல்லூரி மாணவன், காரைக்குடி

பதில்: தம்பி, ஊருக்கே சொல்லவேணாம், ஒருத்தருக்கு மட்டும் சொல்லு. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

பீட்டர் கோல்விட்சர்னு ஒரு மனவியல் பேராசிரியர், அவரும் கூட்டாளிகளும் 2009-ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை போட்டாங்க. சட்டம் படிக்கிற பசங்களைக் கூப்பிட்டு, நல்ல வக்கீலா வர்றதுக்கு என்னென்ன செய்யப்போறீங்கன்னு எழுதச் சொன்னாங்க. சிலபேரு எழுதினதை இன்னொருத்தர் வாங்கிப் படிச்சுப் பார்த்தாரு, சிலபேரு எழுதினதை யாரும் பாக்கலை. அதுக்கப்புறம் நெசமான வேலையைக் கொடுத்தா, தன் ஆசையை அடுத்தவங்க பாத்துட்டாங்கன்னு தெரிஞ்ச பசங்கதான் கம்மியா உழைச்சிருக்காங்க. "எழுத்தாளரே"ன்னு நாலு பேரு கூப்பிட்டவுடனே மனசு பாதி எழுத்தாளராவே ஆயிருது, அப்புறம் ராத்திரி உக்காந்து நாலாவது அத்தியாயத்தோட மல்லுக்கட்டணும்னு அதுக்கு எங்க தோணும்? உனக்கு நடந்ததும் இதுதான்னு நான் நெனைக்கிறேன், அதனால உன்னையே திட்டிக்கிட்டு இருக்காத.

அப்ப யார்கிட்டயும் சொல்லாம கமுக்கமா இருந்துரலாமான்னா அதுவும் சரியா வராது. அமெரிக்காவுல கலிஃபோர்னியா டொமினிகன் பல்கலைக்கழகத்துல கெயில் மேத்யூஸ்னு ஒரு பேராசிரியை ஜனங்களை அஞ்சு குழுவாப் பிரிச்சு நாலு வாரம் பார்த்தாங்க. மனசுக்குள்ள மட்டும் நெனைச்சுக்கிட்டவங்கள்ல 35 சதவீதம் பேருதான் முடிச்சோம், இல்லைன்னா பாதிக்கு மேல தாண்டிட்டோம்னு சொன்னாங்க. லட்சியத்தை எழுதி வச்சு, ஒரு நண்பருக்கு அனுப்பி, வாராவாரம் "இந்த வாரம் இவ்வளவு ஆச்சு"ன்னு கணக்கும் அனுப்பினவங்கள்ல அது 70 சதவீதத்துக்கு மேல போச்சு. ஒண்ணு சொல்லாதேங்குது, இன்னொண்ணு சொல்லுங்குதேன்னு கொழம்பாத. ஒண்ணுல சொன்னது "நான் இன்னாரா ஆகப்போறேன்"ங்கிற ஆசையை, அதுக்குக் கைதட்டு கெடைச்சது, அதோட முடிஞ்சது. இன்னொண்ணுல சொன்னது ஆன வேலையை, அதுக்குப் பின்னாடியே "அடுத்த வாரம்?"னு ஒரு கேள்வி வருது. எனக்கு இத்தனை வருஷமா எழுதுறவங்களைப் பார்த்ததுல தெரிஞ்சதும் இதுதான், அறிவிப்பை யாருக்கும் காட்டவேணாம், பக்கத்தைக் காட்டணும்.

அந்த ஒருத்தர் யாருன்னு தேர்ந்தெடுக்கிறதுலதான் விஷயம் இருக்கு. எதைக் கொடுத்தாலும் "சூப்பர் மச்சி"ங்கிறவன் வேணாம், எடுத்தவுடனே கிண்டல் பண்றவனும் வேணாம். உனக்கு மேல ரொம்பப் பெரிய எழுத்தாளரும் வேணாம், அவருக்கு அனுப்பணும்னாலே பயந்து நாலு வாரம் திருத்திக்கிட்டே இருப்ப. சொன்ன கிழமையில மறக்காமக் கேக்குற ஆள் வேணும், அது அக்காவா இருக்கலாம், ஹாஸ்டல் ரூம்மேட்டா இருக்கலாம், பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயாவா இருக்கலாம். அவருக்கு நீ ஜனவரி 1-ஆம் தேதி அனுப்பவேண்டிய மெசேஜை நானே எழுதித் தர்றேன்: "ஐயா, ஞாயித்துக்கிழமை ராத்திரி 9 மணிக்குள்ள ரெண்டு பக்கம் அனுப்புவேன். நல்லா இருக்கா இல்லையான்னு இப்ப சொல்லவேணாம். வரலைன்னா மட்டும் திங்கக்கிழமை காலையில போன் பண்ணுங்க." அவ்வளவுதான். இதுல நாவல்ங்கிற வார்த்தையே இல்லை பாரு. வாரம் ரெண்டு பக்கம்னா வருஷத்துல நூறு பக்கம் தாண்டிரும், ஒரு சின்ன நாவலுக்கு அது தாராளம்.

இப்ப "நாவல் என்னாச்சு"ன்னு கேக்குறவங்களுக்கு என்ன சொல்றதுன்னு கேக்குறியா, "எழுதிக்கிட்டிருக்கேன்"னு சொல்லு, ஆனா அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் சொல்லு, அப்பதான் அது நெசமா இருக்கும்.

கேள்வி: எனக்கு 68 வயசு. எங்க அப்பச்சி பர்மாவுல கடை வச்சிருந்தாங்க. பெட்டகத்துல கடுதாசி, கணக்கு நோட்டு, கல்யாணச் சிட்டை எல்லாம் கெடக்கு. பிள்ளைக சிங்கப்பூர்லயும் அமெரிக்காவுலயும் இருக்குதுக, பேரன் பேத்திக்குத் தமிழ் பேசத்தான் வருது. எல்லாத்தையும் ஒரு புஸ்தகமா எழுதணும்னு வருஷா வருஷம் நெனைக்கிறேன். இந்த வயசுல முடியுமா? சொன்னா பிள்ளைக சிரிக்குங்களோன்னும் இருக்கு.
– ஒரு ஆச்சி, கண்டனூர்

பதில்: ஆச்சி, நீங்கதான் எழுதணும், உங்களை விட்டா வேற ஆள் இல்லை. அந்தக் கடுதாசியில இருக்கிற எழுத்தைப் படிக்கத் தெரிஞ்சு, அதுல வர்ற "பெரிய வீட்டுத் தம்பி" யாரு, "மேலக்கடை" எதுன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு உங்க வீட்டுல இன்னைக்கு நீங்க ஒருத்தர்தான்.

வயசைப் பத்திக் கேட்டீங்க. உ.வே.சாமிநாதையர் 1855-ல பொறந்தவரு. தன்னோட வாழ்க்கைக் கதையை ஆனந்த விகடன்ல வாராவாரம் எழுத ஆரம்பிச்சது 1940 ஜனவரியில, அப்ப அவருக்கு 84 வயசு! 1942-ல அவரு காலமாகுற வரைக்கும் அது வந்துக்கிட்டே இருந்துச்சு, நூத்துக்கும் மேல அத்தியாயம். மொத்தமா ஒரு தடிப் புஸ்தகம் எழுதித் தாங்கன்னு அந்த வயசுல கேட்டிருந்தா அவரு என்ன சொல்லியிருப்பாரோ, ஆனா வாரம் ஒரு அத்தியாயம், அதுக்குக் காத்துக்கிட்டு ஒரு பத்திரிகை, அதைப் படிக்க ஜனங்கன்னு இருந்ததாலதான் அத்தனையும் நமக்குக் கெடைச்சுது. உங்களுக்கும் வாரக் கணக்குதான் சரி.

அதனால "புஸ்தகம்"ங்கிற நெனைப்பை இப்போதைக்கு எடுத்து வச்சிருங்க. வாரத்துக்கு ஒரு சாமான், இல்லைன்னா ஒரு தாளு. பெட்டகத்தைத் தொறந்து ஒண்ணே ஒண்ணை எடுங்க, அதை வெளிச்சத்துல முகப்புத் திண்ணையில வச்சு போன்ல ரெண்டு பக்கமும் படம் எடுங்க, அப்புறம் அதைப் பார்த்தபடியே எழுதுங்க. கடுதாசின்னா மேல பிள்ளையார் சுழி இருக்கா, "சிவமயம்" இருக்கா, தேதி தமிழ் மாசத்துல போட்டிருக்கா இங்கிலீஷ் மாசத்துலயா, எந்த ஊரு தபால் முத்திரை, மை எங்கெங்க கலைஞ்சிருக்கு, இதெல்லாம் எழுதுங்க, அதுக்கப்புறம் உள்ள என்ன சொல்லியிருக்குன்னு போங்க. கல்யாணச் சிட்டைன்னா எத்தனை குடம், எத்தனை தூக்குச்சட்டி, எத்தனை ஜப்பான் பீங்கான்னு வரிசையா இருக்கும்ல, அதை அப்படியே படியெடுத்து, அதுல இன்னைக்கும் வீட்டுல இருக்கிறது எது, யார் வீட்டுக்குப் போச்சுன்னு பக்கத்துல ஒரு வரி. பேத்திக்கு அந்த ஒரு வரிதான் பெரிய சொத்து.

வருஷத்தைக் கூடவே குறிச்சு வையுங்க. பர்மா 1937-ல இந்தியாவுலேர்ந்து தனியாப் பிரிஞ்சுது, 1941 டிசம்பர்ல ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டான், அடுத்த வருஷம் நடந்தே வந்த குடும்பங்க எத்தனையோ, 1962-ல ராணுவ ஆட்சி வந்த பிறகு மிச்சமிருந்தவங்களும் விட்டுட்டு வந்தாங்க. உங்க அப்பச்சி எழுதின ஒரு கடுதாசி இதுல எதுக்கு முன்னாடி, எதுக்குப் பின்னாடின்னு வச்சுப் பார்த்தாலே, "சரக்கு தேங்கிக்கிடக்கு, பணம் வரலை"ங்கிற சாதாரண வரிக்கு வேற அர்த்தம் வந்துரும்.

கை வலிச்சா எழுதக்கூட வேணாம், போன் கீபோர்டுல மைக்கை அமுக்கிட்டுத் தமிழ்ல பேசுனா அதுவே டைப் அடிக்குது. நம்ம ஊர்ப் பேச்சை அங்கங்க தப்பா எடுக்கும், உங்க சம்பந்தி பேத்தியோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ உக்காந்து திருத்தித் தரட்டும்.

பிள்ளைக சிரிக்குமான்னு கேட்டீங்க. லட்சியத்தைச் சொன்னா ஒருவேளை சிரிக்கும். ஒண்ணுமே சொல்லாம ஞாயித்துக்கிழமை குடும்ப குரூப்ல ஒரு படமும் அதுக்குக் கீழ பத்து வரியும் போடுங்க, மூணாவது வாரம் "அடுத்தது எங்க ஆத்தா"ன்னு அதுகளே கேக்குங்க. சொத்துத் தகராறு, கோர்ட்டு கேஸு மாதிரி விஷயம் வந்தா அதையும் எழுதுங்க, ஆனா தனி நோட்டுல, குரூப்புக்கு இல்லை. எழுதுறது ஒண்ணு, காட்டுறது ஒண்ணு, ரெண்டையும் ஒரே நாள்ல முடிவு பண்ணவேண்டியது இல்லை.

ஒரு வேண்டுகோள். எழுதி முடிச்சாச்சுன்னு பழைய தாளைத் தூக்கிப் போட்டுறாதீங்க. பக்கத்துல கோட்டையூர்ல ரோஜா முத்தையா சேத்து வச்சது வெறும் புஸ்தகம் மட்டும் இல்லை, நாடக நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும் கூட அதுல இருந்துச்சு. அவரு காலத்துக்குப் பிறகு அதெல்லாம் சென்னையில அவரு பேருலயே நூலகமா நின்னு, உலகத்துலேர்ந்து ஆராய்ச்சி பண்றவங்க வந்து பாக்குறாங்க. உங்க பெட்டகமும் அதுக்குக் கொறைஞ்சதில்லை.

கேள்வி: சென்னையில ஐடி வேலை. ஒரே மாசத்துல 50,000 வார்த்தை எழுதுற சவால் ஒண்ணு வெளிநாட்டுல உண்டாமே, அதைத் தமிழ்ல ஜனவரியில பண்ணலாம்னு இருக்கேன். பண்ணலாமா ஆச்சி?
– தேவகோட்டை இளைஞர்

பதில்: நீங்க சொல்றது நானோரைமோ. 1999-ல அமெரிக்காவுல சான்ஃபிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டிங்கிறவரு நண்பர்களைச் சேத்து ஆரம்பிச்சது, மொத வருஷம் 21 பேருதான், அப்புறம் உலகம் பூரா லட்சக்கணக்குல ஜனங்க நவம்பர் மாசம் உக்காந்து எழுதினாங்க. அதை நடத்தின அமைப்பு 2025-ல மூடுறோம்னு அறிவிச்சிருச்சு, ஆனா பழக்கம் போயிருமா என்ன, அங்கங்க தனியா எழுதிக்கிட்டுத்தான் இருக்காங்க.

50,000-த்தை 30 நாளால வகுத்தா நாளுக்கு 1,667 வார்த்தை. இது இங்கிலீஷுக்குப் போட்ட கணக்கு, அதை முதல்ல மனசுல வாங்கிக்கணும். நம்ம பாஷையில வேற்றுமை, காலம், ஆளு எல்லாம் ஒரே சொல்லோட ஒட்டிக்கும், இங்கிலீஷ்ல நாலு சொல்லு எடுக்கிறதை நாம ஒத்தைச் சொல்லுல முடிச்சிருவோம். அதனால தமிழ்ல 1,667-ங்கிறது ரொம்பவே பெரிய பாரம். வேலைக்குப் போற ஆளு, சோதனைக்கு ஒரு மாசம் பண்ணணும்னா நாளுக்கு 500 வைங்க, மாசத்துக்கு 15,000 வரும், அது ரெண்டு மூணு நல்ல சிறுகதை, இல்லைன்னா ஒரு குறுநாவலோட பெரும்பகுதி.

எனக்கு என்னவோ 30 நாளை விட 21 நாள் நமக்குப் பொருந்தும்னு தோணுது. நம்ம வீட்டுல பிள்ளையார் நோன்பு பாத்திருப்பீங்கல்ல, திருக்கார்த்திகையில ஆரம்பிச்சு புதுத் துணியிலேர்ந்து நாளுக்கு ஒரு நூலிழையா எடுத்து வச்சு, சஷ்டியும் சதயமும் கூடுற அன்னைக்கு 21 இழையையும் ஒண்ணாத் திரிச்சு மாவுல வச்சு விளக்கா ஏத்தி எடுத்துக்கிறோம். அன்னன்னைக்கு எடுக்கிறது ஒரு இழைதான், அதுக்கு மேல யாரும் கேக்குறதில்லை, ஆனா அந்த ஒண்ணு எடுத்தாகணும். உங்க எழுத்தையும் அப்படி வச்சுக்கோங்க, நாளுக்கு ஒரு காட்சி, 21 நாள், அது முடியுற வரைக்கும் பின்னாடி திரும்பிப் படிச்சுத் திருத்தக்கூடாது. திருத்துறது அடுத்த மாச வேலை.

இங்கிலீஷ் நாவலாசிரியர் அந்தோணி டிரோலோப் தபால் துறையில வேலை பாத்துக்கிட்டே விடியக்காலையில எழுதினவரு. கடிகாரத்தை முன்னாடி வச்சுக்கிட்டு கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தைன்னு எழுதுவாராம், எத்தனை பக்கம் ஆச்சுன்னு நோட்டுல குறிச்சும் வைப்பாராம். எல்லாருக்கும் அந்த வேகம் வராது, எனக்கும் வராது. ஆனா வேலையை விட்டாத்தான் எழுத முடியும்ங்கிறவங்க அவரை ஒரு தடவை நெனைச்சுப் பாக்கலாம். நீங்க ஊருக்கு வந்துட்டுத் திரும்பும்போது பல்லவன் ரயில்ல விடியக்காலையில ஏறினா எழும்பூர் போய்ச் சேர மதியம் ஆயிரும்ல, அந்த நேரத்துல போனை ஏரோப்ளேன் மோடுல போட்டுட்டு எழுதுங்க, திருச்சி வர்றதுக்குள்ள அன்னைய பங்கு முடிஞ்சிரும்.

கேள்வி: வீட்டுலயே பலகாரம் போட்டு விக்கிறேன். தினமும் எழுதணும்னு ரெண்டு வருஷமா முடிவெடுக்கிறேன், கல்யாண ஆர்டர் வந்தா நாலு நாள் விட்டுப்போகுது, விட்டதும் மனசு விட்டுருது. என்ன பண்றது?
– பள்ளத்தூர் வாசகி

பதில்: தாயி, விட்டுப்போறது பெரிய குத்தம் இல்லை. லண்டன்ல பிலிப்பா லாலிங்கிற ஆராய்ச்சியாளர் 96 பேரை 12 வாரம் பாத்து, ஒரு புதுப் பழக்கம் தானா வர்ற அளவுக்கு ஒட்ட சராசரி 66 நாள் ஆகுதுன்னு சொன்னாங்க. ஆளுக்கு ஆள் 18 நாள்லேர்ந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். அதுலயே, நடுவுல ஒரு நாள் தவறினதால பழக்கம் ஒண்ணும் கெட்டுப்போகலைன்னும் கண்டுபிடிச்சாங்க. கெடுக்கிறது "விட்டாச்சு, இனி எங்க"ங்கிற நெனைப்புதான்.

உனக்கு "தினமும்"ங்கிற கணக்கு சரிப்படாது, ஏன்னா உன் வாரம் தினமும் ஒரே மாதிரி இல்லை. ஆடியிலயும் மார்கழியிலயும் ஆர்டர் கொறையும், தை பொறந்ததும் முகூர்த்தம் வந்து மூச்சு முட்டும். அதனால ரெண்டு கணக்கு வச்சுக்க. ஆர்டர் இல்லாத வாரத்துக்கு நாலு பக்கம், ஆர்டர் வாரத்துக்கு நாலு வரி. நாலு வரியும் கணக்குதான், அதைக் கொறைச்சு நெனைக்காத.

நேரம் எப்பன்னு மணியில முடிவு பண்ணாத, எதுக்குப் பின்னாடின்னு முடிவு பண்ணு. முன்ன சொன்ன கோல்விட்சர் 1999-ல எழுதினது இது, "இது நடந்தா நான் அதைச் செய்வேன்"னு முன்கூட்டியே கட்டி வச்சா, வெறுமனே "செய்வேன்"ங்கிறதை விட நடக்குதுன்னு. உனக்கு எப்படின்னா, பிள்ளைக வேன்ல ஏறினதும் அடுப்படிக்குப் போறதுக்கு முன்னாடி, இல்லைன்னா மணகோலம் மாவு பெசைஞ்சு மூடி வச்சதும், கையைக் கழுவிட்டு நோட்டைத் தொற. நோட்டும் பேனாவும் அடுப்படியிலயே, எண்ணெய் படாத அலமாரியில இருக்கட்டும், மாடிக்குப் போய் எடுக்கணும்னா அன்னைக்கு எழுத்து அவ்வளவுதான்.

எதை எழுதுறதுன்னு நீ கேக்கலை, ஆனாலும் சொல்றேன். சீப்பு சீடைக்கு மாவு எப்படி வறுக்கணும்னு நீ கைப்பக்குவத்துல வச்சிருக்கிறதை யாரும் இன்னும் ஒழுங்கா எழுதலை. "கோலம் போடுற பதத்துக்கு வறுக்கணும்"னு எல்லாரும் சொல்லிருவாங்க, அந்தப் பதம் வர்றதுக்கு முன்னாடி வாசம் எப்படி மாறும், கரண்டி எப்படிக் கனம் கொறையும்னு உனக்குத்தான் தெரியும். அந்த ஆர்டர் வாரத்து நாலு வரி இதுவாவே இருக்கட்டும்.

கேள்வி: ஏதோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்துல லட்சியத்தை எழுதி வச்ச 3 சதவீதம் பேரு, மிச்சம் 97 சதவீதம் பேரை விட அதிகம் சம்பாதிச்சாங்கன்னு பயிற்சி வகுப்புல சொன்னாங்களே, அப்ப எழுதி ஒட்டி வச்சா போதுமா?
– திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்

பதில்: அது யேல் பல்கலைக்கழகம், 1953-ல முடிச்ச மாணவர்கள்னு ரொம்ப நாளா மேடைக்கு மேடை சொல்லிக்கிட்டு இருக்காங்க. தேடிப் பாத்தவங்களுக்கு அப்படி ஒரு ஆராய்ச்சி நடந்ததுக்கே தடயம் இல்லை, வெறும் வாய்மொழிக் கதை. இத்தனைக்கும் நெசமா நடந்த ஆராய்ச்சி கையில இருக்கு, மேல சொன்னேன் பாருங்க. ஒட்டி வைக்கிறதுல தப்பு இல்லை, ஒட்டி வச்சதோட வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்கிறதுலதான் எல்லாம் போயிருது.

கேள்வி: நாங்க அஞ்சு பேரு, எல்லாருக்கும் எழுத ஆசை. வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சா ஒரு மாசத்துல குட்மார்னிங் படம்தான் வருது. அடுத்த சென்னைப் புத்தகக் காட்சிக்குள்ள ஆளுக்கு ஒரு புஸ்தகம்னு டார்கெட் வச்சிருக்கோம். குரூப்பை எப்படி நடத்துறது?
– கானாடுகாத்தான் நண்பர்கள்

பதில்: அஞ்சு பேரு நல்ல எண்ணிக்கை. ஆனா அந்த டார்கெட்டை மாத்துங்க. சென்னைப் புத்தகக் காட்சி 1977-லேர்ந்து நடக்குது, வருஷா வருஷம் பெரும்பாலும் ஜனவரியில வந்துரும், அது வர்றதுக்கு ஒண்ணும் தடை இல்லை, ஆனா உங்க புஸ்தகம் அதுல வர்றது பதிப்பாளர் கையில, அச்சகம் கையில, பேப்பர் விலையில இருக்கு. உங்க கையில இருக்கிறது கையெழுத்துப் பிரதி. "ஆவணி கடைசிக்குள்ள முழு டிராஃப்ட், ஐப்பசிக்குள்ள ஒரு தடவை திருத்தம்"னு வைங்க, அது முடிஞ்சா பதிப்பாளரைப் பாக்குறது தானா நடக்கும். பரிசு வாங்குறது, லைக் எண்ணிக்கை இதெல்லாமும் லட்சியப் பட்டியல்ல வேணாம், கெடைச்சா சந்தோஷப்படலாம்.

குரூப்ல அட்மின் ஒருத்தரே போதும், சனிக்கிழமை மட்டும் மெசேஜ் போடுற மாதிரி தொறந்து வைக்கட்டும், மத்த நாள் அட்மின் மட்டும் போடலாம்னு பூட்டிரலாம், செட்டிங்க்ஸ்ல இருக்கு. குட்மார்னிங் பிரச்சினை அதோட தீர்ந்துச்சு. ஆளுக்கு ஒரு வரி: போன வாரம் சொன்னது என்ன, ஆனது என்ன, அடுத்த வாரம் என்ன. ஆகலைன்னா "ஆகலை"ன்னு மட்டும் போடணும், காரணம் எழுதக்கூடாது, யாரும் கேக்கவும் கூடாது. காரணம் சொல்ல ஆரம்பிச்சா அதைச் சொல்றதுக்குப் போடுற உழைப்புல ஒரு பக்கம் எழுதிரலாம், அது மட்டும் இல்லை, ஆகாதவன் கூச்சப்பட்டு குரூப்பை விட்டே போயிருவான்.

மாசத்துக்கு ஒரு தடவை நேர்ல கூடுங்க, இது ரொம்ப முக்கியம். கானாடுகாத்தான்ல உங்கள்ல ஒருத்தர் வீட்டுல பட்டாலை, அதான் அந்தப் பெரிய கூடம், காலியாத்தான் கெடக்கும், நல்ல நாள் பெரிய நாளுக்குத்தானே தொறக்கிறாங்க. அங்க உக்காந்து ஆளுக்கு ரெண்டு பக்கம் வாய்விட்டுப் படிங்க. கேக்குறவங்க "நல்லா இருக்கு, இல்லை" சொல்லக்கூடாது, எந்த இடம் மனசுல நின்னுச்சு, எந்த இடத்துல கவனம் போயிருச்சு, அது ரெண்டு மட்டும் சொல்லணும். எழுதினவரு பதில் பேசாம குறிச்சுக்கணும். பதில் பேச ஆரம்பிச்சா அது பட்டிமன்றமா போயிரும், எழுத்து அங்கிட்டு அனாதையா கெடக்கும்.

நம்ம மண்ணுக்கு இது புதுசு இல்லை. காரைக்குடியில ஹிந்து மதாபிமான சங்கம் ஆரம்பிச்சது 1917-ல, 1919-ல பாரதியார் வந்திருக்காரு, உங்க கானாடுகாத்தானுக்கும் வந்திருக்காரு. ஊழியன், குமரன்னு பத்திரிகைங்க காரைக்குடியிலேர்ந்தே வந்துச்சு. சா.கணேசன் கம்பன் கழகத்தை ஆரம்பிச்சது 1939-ல, இன்னைக்கும் பங்குனியில கம்பன் விழா நடக்குது. இதெல்லாம் சொன்ன தேதியில சொன்ன இடத்துல ஆளு கூடினதாலதான் நடந்துச்சு. அதனால உங்க கூட்டத்துக்கும் தேதியை இப்பவே குறிச்சிருங்க, "எல்லாருக்கும் தோதா ஒரு நாள்"னு விட்டா அந்த நாள் வராது. மாசத்துல ரெண்டாவது ஞாயிறு, மூணு பேரு வந்தாலும் நடக்கும்னு சொல்லிருங்க.

கேள்வி: ஆச்சி, நான் பிளஸ் டூ படிக்கிறேன். கதை எழுதுவேன். மார்ச்ல பப்ளிக் எக்ஸாம். ஜனவரியில எழுத்து லட்சியம் வைக்கலாமா? அம்மா வேணாங்கிறாங்க.
– மாணவி, புதுவயல்

பதில்: அம்மா சொல்றது நியாயம்தான் கண்ணு, பரீட்சை முடியுற வரைக்கும் பெரிய லட்சியம் எதுவும் வேணாம். ஆனா ஒரு சின்ன நோட்டு வச்சுக்க, கதைக்குத் தோணுறதை ஒரு வரியா அதுல போட்டுட்டு மூடிரு, படிக்கும்போது தலைக்குள்ள சுத்திக்கிட்டு இருக்காது, அம்மாகிட்டயும் அந்த நோட்டைக் காட்டி இவ்வளவுதான்னு சொல்லிரு. கடைசிப் பரீட்சைக்கு மறுநாளை இப்பவே காலண்டர்ல வட்டம் போட்டு வை, அன்னைக்கு நோட்டைப் பிரிச்சு எந்த வரி இன்னும் உன்னைக் கூப்பிடுதுன்னு பாரு, அதுல ஒண்ணை எடுத்துக் கதையா எழுது. எழுதி இந்தப் பத்திரிகைக்கு என் பேரு போட்டு அனுப்பு, வர்ற மே மாசத்துக்குள்ள நான் படிச்சுட்டு எந்த இடம் மனசுல நின்னுச்சுன்னு உனக்குக் கைப்பட எழுதுறேன்.